மடக்காத கட்டில்

ஜனவரி 18, ஞாயிறு. தை அமாவாசை

புது டைரி. முதல் பக்கத்தில் நல்லதைத்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அதனால் பிள்ளைகளில் தொடங்குகிறேன்.

மகன் செந்தில்வேலன் பூனாவில் மேனேஜர். போன மாதம் அதற்கும் மேலே ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள். பதவியின் பெயர் என் வாயில் நுழையவில்லை, ஆனால் தனி அறை உண்டாம். அவன் மகள் ஹரிணி டாக்டருக்குப் படிக்கிறாள். நீட் பரீட்சையை முதல் தடவையே பாஸ் செய்தவள். எங்கள் வீதியில் மூன்று தடவை எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். அவள் தம்பி கவின் ஆறாவது. சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடும் போட்டியில் வெள்ளி மெடல். மனக்கணக்கில் அவன் பள்ளிக்கூடத்துக்கே முதல். மகள் தேன்மொழிக்கு ஐதராபாத்தில் பேங்கு உத்தியோகம். அவள் மகன் விசாகன் செஸ் விளையாட்டில் தன்னைவிடப் பெரிய பையன்களை அழ வைத்திருக்கிறான்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற இந்தச் சம்பூரணத்துக்கு இத்தனையும் கிடைத்திருக்கிறது. போதும். இனி கெட்டதை எழுதலாம்.

கரூர்-ஈரோடு ரூட்டில் பிரைவேட் பஸ் ஓட்டிய என் வீட்டுக்காரர் பொங்கலோடு ரிட்டயர்டு ஆகிவிட்டார். முதலாளி மாலை போட்டு ஒரு குக்கர் கொடுத்தார். வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டின மனிதருக்குக் குக்கர். அதைக் கொண்டு வந்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்:

"இத்தன வருசம் ஊர்க்காரங்களுக்கு ஓட்டுனேன். இனி நமக்கு ஓட்டப் போறேன் புள்ள."

அவருடைய கூட்டாளி ரங்கசாமி அண்ணன் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே நமக்கென்று ஒரு டிரெய்லர் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம். உள்ளே கட்டில், அடுப்பு, எல்லாம். பழைய ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு காஷ்மீர் வரைக்கும் போகிறோமாம்.

"எத்தன நாளைக்குங்க?"

"பாப்போம்."

"ஊட்ட யாரு பாக்கறது?"

"பூட்டு பாத்துக்கும்."

இந்த மனிதருக்கு அறுபத்தாறு வயது.

ஜனவரி 24, சனி

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு டயர் மேல் ஒரு தகரப் பெட்டி. இதற்கா இத்தனை பேச்சு?

அடுப்பு மேடைக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருக்கிறது. நான் கையை நீட்டினால் அந்தக் கதவைத் தொடலாம். இதில் நின்று நான் சோறாக்க வேண்டுமாம்.

"பஸ்ஸு பாடில எடம் அவ்வளவுதானுங்க அக்கா," என்கிறார் ரங்கசாமி அண்ணன்.

இடம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். பாதிப் பெட்டியைக் கட்டில் அடைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல அகலம். ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அதையே மடக்குக் கட்டிலாகச் செய்தால் பகலில் சுவரோடு மடக்கிவிடலாம், நான் இரண்டு அடி நடந்து சமைக்கலாம். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"மடக்கறதெல்லாம் ஆகாது," என்றார் இவர்.

"ஏனுங்க ஆகாது?"

"ஆகாதுன்னா ஆகாது."

பெரிய பதில்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

கட்டில் விஷயமாக நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சாம்பார் நன்றாக வந்திருந்தது, அதையும் அவர் சொல்லவில்லை.

பிப்ரவரி 7, சனி

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் முதலில் பூனா. அங்கே இரண்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் காஷ்மீரோ கைலாசமோ. பேரப்பிள்ளைகளைப் பார்த்து நாளாகிவிட்டது. போன வருஷம் மே மாதம் போனோம். குளிர் ஒத்துக்கொள்ளாததால் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

அவர் "போன் போட்டுக் கேளு," என்றார்.

கேட்டேன். செந்திலுக்குப் பாவம் எத்தனை வேலை. பேசும்போதே இன்னொரு போன் அடிக்கிறது.

"டிரெய்லரா? அம்மா, எங்க அப்பார்ட்மெண்ட்ல ரெண்டாவது காருக்கே சண்டை. அதெல்லாம் உள்ள விடமாட்டாங்க."

"அத வெளிய நிறுத்திக்கலாம் சாமி. நாங்க உங்கூட இருக்கோம்."

"இப்ப கவினுக்குப் பரீட்சை வருதும்மா. அப்புறம் பவித்ராவோட அப்பா அம்மா வர்றாங்க. ஜூன்ல பாக்கலாமா? நானே சொல்றேன்."

ஜூன் நல்ல மாதம்தான். பரீட்சை சமயத்தில், மருமகளைப் பெற்றவர்களும் வருகிறபோது, போய் நிற்பது பெரியவர்களுக்கு அழகல்ல.

தேன்மொழியும் கூப்பிட்டாள். "ரோட்டோரமாச் சோறாக்கித் திங்கப் போறீங்களா? அப்பாவுக்குத்தான் புத்தி இல்லைன்னா உனக்குமாம்மா?" என்று திட்டினாள். பேங்கில் இருப்பவள், நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் புத்தி இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

பிப்ரவரி 14, சனி

பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி கேட்கிறாள்: "அக்கா, அதுக்குப் பால் காச்சுவீங்களா, எலுமிச்சம்பழம் வெப்பீங்களா?"

நல்ல கேள்வி. வீடு என்றால் பால் காய்ச்சிக் குடிபோக வேண்டும். வண்டி என்றால் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும். இவரைக் கேட்டால், "டயர் இருக்குது, நம்பர் பிளேட்டு இருக்குது, வண்டிதான்," என்கிறார். நான் கேட்டேன்: "அடுப்பு இருக்குது, கக்கூசு இருக்குது, பஸ்ஸுல வெச்சிருந்தீங்களா?"

பாப்பாத்தி சிரித்ததில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுப்பு கிழக்குப் பார்த்து இருக்க வேண்டுமே என்றேன். "நா எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தறனோ அதுதான் கிழக்கு," என்று வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

டிரெய்லர் வீட்டுக்கு வந்தது. இரண்டும் செய்தோம். எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கியது. பால்தான், இவர் சரிவில் நிறுத்தியிருந்ததால், தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. டிரெய்லரை வாசலில் பின்னுக்கு எடுத்து ஓரமாக நிறுத்த வேண்டும். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்னால் இருக்கிற டிரெய்லர் வலது பக்கம் போகிறது. வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போகிறது. கொக்கி போட்டு மாட்டியதெல்லாம் அப்படித்தானாம். இவர் கைக்கு அது தெரியவில்லை. பஸ்ஸை ஒடிப்பது போலவே ஒடித்தார். பாப்பாத்தி வீட்டுத் துவைக்கிற கல் இரண்டாகப் போயிற்று.

வீதியே நின்று பார்த்தது. பாப்பாத்தி வீட்டுக்காரர், "பரவால்லீங்க மாமா, பழைய கல்லுதான்," என்றார். இவர் அப்படியே இறங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பிடவில்லை. நானும் எத்தனை தடவைதான் கூப்பிடுவது.

பிப்ரவரி 25, புதன்

சந்தை இல்லாத நாளில் சந்தைத் திடல் காலியாகக் கிடக்கும். அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஓட்ட, நான் பின்னால் நின்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் கண்டக்டர் சொல்வது போல.

"லெப்ட்டுல ஒடிங்க" என்றேன், ஒடித்தார், கோணலாகப் போயிற்று. திரும்பத் திரும்ப இதே. அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு நேர் எதிரான பக்கத்தை நான் சொன்னால் என்ன? டிரெய்லர் வலது பக்கம் போக வேண்டும் என்றால், "லெப்ட்டு லெப்ட்டு லெப்ட்டு, ஆங், வரட்டும்" என்று கத்தினேன். அவர் அப்படியே ஒடித்தார். டிரெய்லர் அழகாக வலது பக்கம் வந்து நின்றது.

"இப்பத்தான் கை பழகுது," என்றார். காப்பிக் கடையில் எனக்கு ஒரு பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

நான் மாற்றிச் சொல்கிற விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. துவைக்கிற கல்லுக்கே ராத்திரிப் பட்டினி கிடந்த மனிதர்.

மார்ச் 1, ஞாயிறு

ஒத்திகைப் பயணம். கொடுமுடி வரை போய், காவிரியில் குளித்து, வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்புவது என்று ஏற்பாடு.

வழியெல்லாம் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் இவர் கால் பிரேக்குக்குப் போகிறது. "ஆரும் ஏறலீங்க, போங்க" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கொடுமுடியில் பேச்சு சுவாரஸ்யத்தில் அசந்துவிட்டேன். பார்த்தால் பஸ் ஸ்டாண்டுக்குள் நிற்கிறோம். ஈரோடு பஸ் நிற்கிற இடத்தில், கோடு தவறாமல், நேராக.

டைம் கீப்பர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்து, இவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்னண்ணா, உங்க டைமுக்குச் சரியா வந்துட்டீங்களே!"

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மா டிரெய்லர் கதவைத் திறந்து ஏறி, கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஈரோடு போகுமில்லீங்க?"

"இது வீடுங்கம்மா," என்றேன்.

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தாள். கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. நெறய எடம்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். முருங்கைக்காய் இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு ஏன் சந்தோஷமாக இருந்தது என்று தெரியவில்லை.

சமையல் மட்டும் சரிப்படவில்லை. குனிந்து நிமிரக் கட்டில் இடிக்கிறது. இடுப்பில் ஒரு இடம் கன்றிப்போயிற்று. இனி அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நானே ஒரு வழி செய்யப்போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

செய்தேன். அவர் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, ரங்கசாமி அண்ணன் பட்டறையில் இருந்து தச்சரை வரவழைத்தேன். கட்டிலுக்குக் கீல் போட்டு மடக்குக் கட்டிலாக மாற்றச் சொன்னேன். தச்சர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி வந்துவிட்டார்.

"ஆரக் கேட்டுக் கீல் போடறீங்க?"

கல்யாணமான நாளில் இருந்து இப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. கீல் இரண்டையும் எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார். தச்சர் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

"நாந்தாஞ் சொன்னேன். நீங்களா சமைக்கறீங்க?" என்றேன்.

"பூனாவுல ஆறு மணிக்கு எந்திரிச்சு, போர்வைய மடிச்சு, கட்டல மடக்கி சோபாவாக்கிட்டு, எங்க போயி நிக்கறதுன்னு தெரியாம பால்கனில நின்னமே. மறந்துட்டயா?"

"மருமவளுக்கு ஹால்லதான் மீட்டிங்கு. அவ என்ன பண்ணுவா?"

"நா அவளக் குத்தஞ் சொல்லுல. அவ ஊடு, அவ வேல. நாந்தேன் கீழ போயி வாச்மேன் கிட்ட உக்காந்துட்டு உக்காந்துட்டு வந்தேன். அவன் ஒரு நா கேட்டான், உங்களுக்கு ஊட்ல எடமில்லீங்களான்னு." கட்டிலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "இது விரிச்சது விரிச்சபடி கெடக்கும் புள்ள. நாம எந்திரிக்கற வரைக்கும். அவன் ஊட்டுப் பக்கம் எங்காச்சும் நிறுத்திக்குவேன். பேரம் பேத்தியப் பாப்பேன். பாத்துட்டு நம்மூட்ல வந்து படுத்துக்குவேன். காஷ்மீரெல்லாம் அப்புறம்."

எத்தனை பேச்சு. இத்தனை நாளும் இதை வாயில் வைத்துக்கொண்டு "ஆகாதுன்னா ஆகாது" என்று சொல்லியிருக்கிறார்.

பூனாவில் குளிர் அதிகம் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆணியை நான்தான் திரும்ப அடித்தேன். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று நல்ல செய்தி. கூப்பிட்டது செந்தில். நானாகப் போடவில்லை, அவனாகவே கூப்பிட்டான்.

"அம்மா, நீங்க இங்க வந்துடுங்களேன். உடனே."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டேன்.

"சமைக்க வர்றவங்க நின்னுட்டாங்கம்மா. பவித்ராவுக்கு நேரங்காலம் இல்லாத வேலை. கவினுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. நீங்க இருந்தா எங்களுக்குத் தைரியமா இருக்கும். பிளைட்டு டிக்கெட் போட்டுடறேன்."

"அப்பாவுக்கும்தான சாமி?"

"அப்பாதான் ஊர் சுத்தப் போறாரே. அவர் ஆசைப்படி போய்ட்டு வரட்டும். நீங்க மட்டும் வாங்க. கவின் ரூம்லயே உங்களுக்குப் படுக்கை போட்டுடலாம்."

பார்த்தீர்களா, கவின் அறையில். ஹாலில் இல்லை. விமானத்தில் போகிறேன். எங்கள் வீதியில் விமானத்தில் போன பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை. பாப்பாத்தியிடம் முழுவதும் சொன்னேன்.

"சமையக்காரி நின்னுட்டாளாக்கும்?" என்றாள்.

அவளுக்குப் பொறாமை.

மார்ச் 12, வியாழன்

அவரிடம் சொன்னபோது ஜீப்பு டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா புள்ள. கூப்புட்டிருக்கான்ல."

"நீங்க?"

"நா ஓட்டிக்குவேன். கை பழகிருச்சே."

அவ்வளவுதான். ஒரு சண்டை கிடையாது. சண்டை போடுவார் என்று எல்லாப் பதிலையும் யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

துணிகளை எடுத்து வைத்தேன். பூனாவுக்குக் கொள்ளுப் பொடியும் பருப்புப் பொடியும் இடித்தேன். அவருக்கும் ஒரு டப்பா தனியாக வைத்தேன். தனியாக இருந்தால் இந்த மனிதர் டீயும் பன்னும் தின்றே காலத்தை ஓட்டுவார்.

மார்ச் 14, சனி

சந்தைத் திடல் வழியாக வரும்போது பார்த்தேன். இவர் ஜீப்பில். பின்னால் நின்று சொல்கிறவர் பாப்பாத்தி வீட்டுக்காரர். அந்த மனிதர் நேர்மையாக "ரைட்டுல வரணும் மாமா, ரைட்டு" என்கிறார். இவரும் வலது பக்கம் ஒடிக்கிறார். டிரெய்லர் இடது பக்கம் போய், ஜீப்பும் அதுவும் கத்திரிக்கோல் மாதிரி மடங்கி நடுத்திடலில் குறுக்கே நின்றுவிட்டன. கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் "ஓ" என்று கூவினார்கள்.

நான் போய், பாப்பாத்தி வீட்டுக்காரரை நகரச் சொல்லிவிட்டு, நானே நின்றேன். "லெப்ட்டு லெப்ட்டு. ஆங். இப்ப ரைட்டு. வரட்டும் வரட்டும். ஓல்டேன்." நேராக வந்து நின்றது.

இறங்கி வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம், கற்றுக்கொள்ளட்டும், தனியாகப் போகிற மனிதர் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, நா ஒண்ணு சொல்லோணும். நா எப்பவும் எதிர்ப்பக்கத்தத்தான் மாத்திச் சொல்லிட்டு இருந்தேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். கண்ணாடில பாக்கறனல்ல. நாப்பது வருசம் ஓட்டுனவனுக்கு வலது எடது தெரியாதா?"

"பின்ன ஏஞ் சொல்லுல?"

"சொன்னா நீ கீழ எறங்கிக் கத்தறத நிறுத்திருவ."

 முதல் நாளே தெரிந்திருக்கிறது. வெயிலில் தொண்டை வறள என்னைக் கத்த விட்டு, பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் வீடு வரை முன்னால் நடந்தே வந்தேன். அவர் ஜீப்பில் என் பின்னாலேயே, மெதுவாக, ஆரன் அடிக்காமல் வந்தார்.

மார்ச் 16, திங்கள்

செந்திலுக்குப் போன் செய்தேன். எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

"நேரமில்லையா? உங்களுக்கா?"

"ஆமா சாமி. உங்கப்பாவுக்கு வண்டி பின்னால எடுக்கத் தெரியுல. நா இல்லைனா போற எடமெல்லாம் அடுத்தவன் செவுத்த இடிச்சு வெச்சுருவாரு."

"அம்மா, டிக்கெட் போட்டாச்சும்மா."

"கேன்சல் பண்ணிரு. சமையலுக்கு வேற ஆளப் பாரு. பொடி இடிச்சு வெச்சிருக்கறேன், பார்சல்ல வருது. பங்குனி உத்திரம் முடிஞ்சு நாங்க கெளம்பறோம், சித்திரையில பூனா வந்துருவோம். உங்க காம்பவுண்டுக்குள்ள வேண்டாம். லாரி நிக்கற எடம் எங்காச்சும் இருக்குமல்ல, அங்க நின்னுக்கறோம். ஞாயித்துக்கெழம நாலு பேரும் எங்க ஊட்டுக்குச் சாப்பிட வாங்க. பவித்ரா கிட்ட நா கூப்புட்டேன்னு சொல்லு."

 

"எங்க வீடுன்னா... அந்த டிரெய்லராம்மா?"

"எங்க ஊடுதான்."

பின்னால் கவின் ஏதோ கத்துவது கேட்டது. செந்தில் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். குரல் இப்போது சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

"அம்மா, கவின் அதுல ஒரு நாள் வந்து படுத்துக்கட்டுமான்னு கேக்கறான்."

"எடம் பாத்துச் சொல்றேன்னு சொல்லு," என்றேன்.

வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இவர் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "பையனுக்கு எடமில்லையா?" என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

மார்ச் 18, புதன்

ஹரிணிக்குக் கடிதம். நல்ல தாளில் எழுதுமுன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கண்ணு ஹரிணி, நாங்கள் சுகம். உன் தாத்தா வழக்கம் போல. டிரெய்லரில் ஆணி அடிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அங்கே அவர் இந்தியா தேசப்படம் மாட்டப் பார்க்கிறார். நான் விடவில்லை, அங்கே உங்கள் போட்டோதான் மாட்ட வேண்டும். ஆனால் மாட்ட என் கையில் இருக்கிற உன் போட்டோவில் உனக்கு முன்பல் இரண்டும் இல்லை, தம்பி உன் மடியில் கைக்குழந்தை. வழியில் யாராவது பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளையா டாக்டருக்குப் படிக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? செல்போனில் அனுப்பாதே, அதை ஆணியில் மாட்ட முடியாது. நீயும் தம்பியும் அப்பா அம்மாவும் சேர்ந்து நின்று, இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, நாங்கள் கிளம்புவதற்குள் தபாலில் போடு.